தேனீப் பெட்டியும் மானேஜர் வேலையும்

மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு கிராமம். வீட்டின் முன் அறையில் ஒரு மேஜை. மேஜை மீது கம்ப்யூட்டர். அதன் எதிரே ஒரு வாலிபர் உட்கார்ந்திருக்கிறார். மேலே சலவைச் சட்டை; கழுத்தில் டை. கீழே சாரம்! கம்ப்யூட்டரின் கண்ணுக்கு இடுப்புக்குக் கீழே தெரியாது அல்லவா?

அடுக்களையில் அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டார். "சத்தம் போடாதே, அண்ணனுக்கு இண்டர்வியூ" என்று சின்னவனை வெளியே அனுப்பிவிட்டார். கொல்லையில் தேனீக்கள் மட்டும் யாருடைய பேச்சையும் கேட்காமல் ரீங்காரம் செய்துகொண்டிருக்கின்றன.

முன்பெல்லாம் பேட்டிக்குப் போவது என்றால் குழித்துறையில் ரெயில் ஏற வேண்டும். இப்போது பேட்டியே பல வீடுகளுக்கு வந்துவிடுகிறது.

வாலிபர் விண்ணப்பம் செய்திருப்பது ஒரு பெரிய கம்பெனியின் "ஆப்பரேஷன்ஸ் மானேஜர்" வகை வேலைக்கு. எதிர்ப்புறத்தில் இருப்பவர் மரியாதையாகத்தான் கேட்கிறார்.

"நீங்களே பொறுப்பேற்று நடத்திய ஒரு வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்."

"அப்படி ஒன்றும் இல்லை, சார். இப்போதுதான் காலேஜ் முடித்தேன்."

பதில் முடிந்தது. பேட்டியும் ஏறக்குறைய முடிந்தது!

இத்தனைக்கும் அந்த வாலிபர் ஆறு ஆண்டுகளாகத் தந்தையுடன் தேனீப் பெட்டிகளைச் சுமந்தவர். இரவில் லாரி பிடித்தவர். ஆள் கூலி கணக்குப் பார்த்தவர். அது ஒரு "அனுபவம்" என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் பெயர் நமக்கு வேண்டியதில்லை. அவர் பலருக்கு உதாரணம்.

என்ன வேலை இது?

"ஆப்பரேஷன்ஸ்" என்பது பெரிய சொல்லாகத் தோன்றும். பொருள் எளிது. சாமான், ஆள், நேரம், இடம் ஆகிய நான்கையும் ஒன்றுசேர்த்து, சொன்ன நேரத்தில், சொன்ன தரத்தில் வேலையை முடித்துக் கொடுப்பதுதான் அது. அரிசி மில்லிலும் உண்டு, ஆஸ்பத்திரியிலும் உண்டு, கல்யாண வீட்டுப் பந்தியிலும் உண்டு.

உலகத்தின் பெரிய கம்பெனிகளில் ஒன்றான அமேசானை எடுத்துக்கொள்வோம். 1994-ல் அமெரிக்காவில் ஜெஃப் பெசோஸ் இதைத் தொடங்கினார். 1995-ல் புத்தக விற்பனையை ஆரம்பித்தது. 2013 ஜூன் மாதம் இந்தியாவில் கடை விரித்தது. இன்று ஊசி முதல் குளிர்சாதனப் பெட்டி வரை விற்கிறது.

வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது விரலால் தட்டும் ஒரு பட்டன். அந்தப் பட்டனுக்குப் பின்னால் பிரம்மாண்டமான கிடங்குகள் இருக்கின்றன. சாமானை வாங்கி அடுக்குவோர், தேடி எடுப்போர், பெட்டி கட்டுவோர், ஊர்வாரியாகப் பிரிப்போர் என்று வரிசை வரிசையாக ஆட்கள் நிற்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பொறுப்பாக இருப்பவர்தான் "ஏரியா மானேஜர்". காலேஜ் முடித்து வருபவர்கள் பலர் நுழையும் முதல் படி இது.

ஷிஃப்ட் தொடங்கும்போது ஆட்களைக் கூட்டி நிறுத்தி அன்றைய வேலையைச் சொல்வது அவர் கடமை. யாரை எங்கே நிறுத்துவது? எந்த இடத்தில் சாமான் தேங்குகிறது? நேற்று ஏன் தாமதம்? யாருக்காவது அடிபட்டதா? எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. நாற்காலியில் அமர்ந்து கையெழுத்துப் போடும் உத்தியோகம் அல்ல. நடையாய் நடக்கும் உத்தியோகம்!

எடிசன் வைத்த பரீட்சை

ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி? இது பழைய கேள்வி. திருக்குறளில் "தெரிந்து தெளிதல்", "தெரிந்து வினையாடல்" என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களே இதற்கு உண்டு.

மின்சார விளக்கால் புகழ்பெற்ற தாமஸ் எடிசன் ஒரு வழி கண்டுபிடித்தார். தம்மிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்கு ஏறத்தாழ 150 கேள்விகள் கொண்ட பரீட்சை வைத்தார். பிரான்சு தேசத்தின் எல்லையில் உள்ள நாடுகள் எவை? வோல்கா ஆறு எங்கே ஓடுகிறது? இப்படிப் போயிற்று அந்தப் பட்டியல். பட்டம் பெற்றவர்களே திணறினார்கள். 1921-ல் இந்தக் கேள்விகள் பத்திரிகைகளில் வெளிவந்து பெரிய பரபரப்பு உண்டாயிற்று.

அதே ஆண்டு அமெரிக்காவுக்கு வந்திருந்த விஞ்ஞானி ஐன்ஸ்டீனிடம் அதிலிருந்து ஒரு கேள்வியைக் கேட்டார்கள். "ஒலியின் வேகம் என்ன?" என்பது கேள்வி. "புத்தகத்தில் கிடைக்கும் விஷயத்தை நான் தலையில் சுமப்பதில்லை" என்ற கருத்தில் அவர் பதில் சொல்லிவிட்டார். எடிசன் பரீட்சையில் ஐன்ஸ்டீனே தேறியிருக்க மாட்டார் போலும்!

பிற்காலத்தில் சில கம்பெனிகள் புதிர் போட்டுப் பார்த்தன. "ஒரு விமானத்துக்குள் எத்தனை பந்துகளை அடைக்கலாம்?" என்பது போன்ற கேள்விகள் வந்தன. அத்தகைய புதிர்களால் ஒரு பயனும் இல்லை என்று கூகுள் கம்பெனியின் ஆள் எடுக்கும் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

பிறகு எதுதான் பயன் தரும்? எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேள்விகளை, முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, ஒரே அளவுகோலால் மதிப்பிடும் பேட்டிதான். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பால் சாக்கெட் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் பழைய ஆராய்ச்சிகளை எல்லாம் மீண்டும் சலித்துப் பார்த்து 2022-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வேலையில் ஒருவர் எப்படி விளங்குவார் என்பதை முன்னறிவதில் அத்தகைய பேட்டி முதல் வரிசையில் நின்றது.

பேட்டி அறைக்குள்

அமேசான் பேட்டி இந்த வகையைச் சேர்ந்தது. தன் பேட்டி முறையை அந்தக் கம்பெனி மறைத்து வைக்கவில்லை. விண்ணப்பிப்பவர்கள் தயார் செய்துகொள்ளட்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

கம்பெனிக்குத் தலைமைக் கோட்பாடுகள் என்று சில உண்டு. முன்பு 14 இருந்தன. 2021-ல் இரண்டு சேர்ந்து 16 ஆயின. வாங்குபவரின் நலனை முதலில் நினைப்பது, பொறுப்பைத் தனதாக ஏற்பது, எளிமைப்படுத்துவது, சிக்கனம், நம்பிக்கையைச் சம்பாதிப்பது, ஒன்றை அடிமட்டம் வரை ஆராய்வது, கருத்து வேறுபட்டால் தைரியமாகச் சொல்வது, முடித்துக் காட்டுவது என்று அவை போகும்.

பேட்டி காண்பவர் ஒருவர் அல்ல, பலர். ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் இன்னின்ன கோட்பாடுகளைச் சோதிப்பது என்று முன்பே பங்கு பிரித்திருக்கும். ஒருவர் நினைத்தது மற்றவரைப் பாதிக்காமல் இருக்க, கூடிப் பேசுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தம் அபிப்பிராயத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அவர்களில் ஒருவர் சம்பந்தப்பட்ட பிரிவைச் சேராத வெளி ஆள். "பார் ரெய்சர்" என்று அவருக்குப் பெயர். "அவசரமாக ஆள் வேண்டும், கிடைத்தவரைப் போடு" என்று பிரிவு மானேஜர் ஆசைப்பட்டால் தடுத்து நிறுத்தும் அதிகாரம் இவருக்கு உண்டு. 1999-ல் ஏற்படுத்திய ஏற்பாடு இது.

கேள்விகள் பெரும்பாலும் ஒரே சாயலில் வரும். "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்பதைவிட, "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்பதே அதிகம். கெடு தவறிய சமயம் ஒன்றைச் சொல்லுங்கள். மேலதிகாரியின் கருத்தோடு மாறுபட்ட சந்தர்ப்பம் உண்டா? கைச்செலவைக் குறைத்தது எப்படி? எல்லாம் நடந்த கதையாக இருக்க வேண்டும்.

நான்கு படிகள்

அந்தக் கதையைச் சொல்ல ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நிலைமை. இரண்டாவது, அதில் உங்கள் பொறுப்பு. மூன்றாவது, நீங்கள் செய்தது. நான்காவது, விளைவு. இந்த நான்கின் ஆங்கில முதல் எழுத்துக்களைச் சேர்த்து "ஸ்டார்" முறை என்கிறார்கள்.

பலர் முதல் படியிலேயே அரைமணி நேரம் நின்றுவிடுகிறார்கள். ஊர்க் கதை, உறவுக் கதை எல்லாம் வந்துவிடும். தாம் செய்தது என்ன என்பது மட்டும் வராது. நிலைமைக்கு இரண்டு வாக்கியம் போதும். செயலுக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். விளைவில் ஓர் எண்ணிக்கை இருந்தால் நல்லது. இவ்வளவு கிலோ, இவ்வளவு மணி நேரம், இவ்வளவு ரூபாய் என்று சொன்னால் கதை நிற்கும். ஆனால் அந்த எண் உண்மையான எண்ணாக இருக்க வேண்டும். பொய் எண் அடுத்த கேள்வியிலேயே பல்லிளித்துவிடும்.

ஈக்கள் நடத்தும் பள்ளிக்கூடம்

இப்போது கொல்லையில் இருக்கும் தேனீப் பெட்டிக்கு வருவோம்.

மார்த்தாண்டத்துக்கும் தேனுக்கும் உள்ள உறவு ஏறத்தாழ நூறு ஆண்டு உறவு. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சங்கம் இங்கே ஒரு கிராம முன்னேற்ற நிலையத்தை நடத்தத் தொடங்கியது. அதை நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். இந்த வட்டாரம் அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதிதான் கன்னியாகுமரி ஜில்லா தமிழகத்துடன் இணைந்தது. ஏழைக் குடியானவர்கள் வீட்டுப் பக்கத்திலேயே நாலு காசு சம்பாதிக்க ஹாட்ச் காட்டிய வழிகளில் தேனீ வளர்ப்பும் ஒன்று. மலைக்குப் போய்ப் புகைபோட்டு அடையைப் பிழிந்த காலம் மாறியது. மரப்பெட்டியில் ஈயை வளர்த்து, அடையைச் சிதைக்காமல் தேன் எடுக்கும் முறை வேரூன்றியது. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தத் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதல்ல என்றால் வியப்பாக இருக்கும். ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது, மூன்று இலைகள் கூடும் காம்பின் நுனியில் இனிப்பு நீர் சுரக்கிறது. ஈக்கள் அதைத்தான் மொய்க்கின்றன. ஆண்டின் முதல் சில மாதங்களே இதற்குப் பருவம். அதற்குள் பெட்டிகள் ரப்பர் தோட்டத்தில் இருந்தாக வேண்டும். இதற்காகக் கேரளத்து எஸ்டேட்டுகளுக்கும் பெட்டிகள் போகின்றன.

பகலில் பெட்டியைத் தூக்க முடியாது. ஈக்கள் வெளியே மேய்ந்துகொண்டிருக்கும். பொழுது சாய்ந்து எல்லாம் கூடு திரும்பிய பிறகு வாசலை அடைத்து, இரவோடு இரவாகக் கொண்டு போக வேண்டும். விடிவதற்குள் இறக்க வேண்டும். எத்தனை பெட்டிக்கு எத்தனை ஆள்? ஒரு தோட்டத்தில் எத்தனை பெட்டி தாங்கும்? எந்தத் தோட்டம் முதலில் தளிர் விடும்? மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகுக்கு எவ்வளவு செலவு?

சாமான், ஆள், நேரம், இடம்! முன்பு சொன்ன நான்கும் அப்படியே வந்துவிட்டன அல்லவா? இதே போல ரப்பர் பால் வெட்டி ஷீட் அடிக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு கதை உண்டு. முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகும் தாயின் மகளுக்கும் உண்டு. மீன் ஏலம் போடும் வீட்டிலும் உண்டு.

2011-ம் ஆண்டு மக்கள் கணக்கின்படி கன்னியாகுமரி ஜில்லாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 91-க்கு மேல். தமிழ்நாட்டிலேயே முதல் இடம். படிப்புக்குக் குறைவில்லை. ஆனால் படித்த பிள்ளை வீட்டுத் தொழிலைப் பேட்டியில் சொல்லக் கூசுகிறது. அந்தக் கூச்சத்தின் விலை, சில சமயம் ஓர் உத்தியோகம்!

"நாங்கள்" அல்ல, "நான்"

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தன்னைத் தானே புகழக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்லி வளர்க்கிறார்கள். அது நல்ல பழக்கம். அதனால் பேட்டியிலும், "நாங்கள் செய்தோம்", "எல்லோரும் சேர்ந்து முடித்தோம்" என்றே வாய் வருகிறது.

பேட்டி காண்பவர் பேனாவுடன் காத்திருக்கிறார். "அதில் நீங்கள் செய்தது எது?" என்று மறுபடி கேட்கிறார். அவருக்குத் தேர்ந்தெடுக்க வேண்டியது ஊரை அல்ல, ஒருவரை!

"லாரி பேசி முடித்தவர் அப்பா. எந்தப் பெட்டி எந்தத் தோட்டத்துக்கு என்று பட்டியல் போட்டவன் நான்" என்று சொல்வது தற்பெருமை ஆகாது. பிறர் பங்கைப் பிறருக்குக் கொடுத்து, தன் பங்கைத் தான் எடுத்துக்கொள்வதுதான் அது.

டீக்கடைக் கணக்கு

சில பேட்டிகளில் சின்னக் கணக்கும் வரும். பயப்பட வேண்டியதில்லை.

ஒரு டீக்கடைக்கு மணிக்கு 60 பேர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் 20 நிமிஷம் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போகிறார்கள். கடையில் எத்தனை பேருக்கு இடம் வேண்டும்? 20 நிமிஷம் என்பது மணியில் மூன்றில் ஒரு பங்கு. 60-ல் மூன்றில் ஒரு பங்கு 20. ஆகவே சராசரியாக 20 பேர் கடையில் இருப்பார்கள்.

இதை 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் கணித முறைப்படி நிரூபித்தார். வருகிற வேகத்தைத் தங்குகிற நேரத்தால் பெருக்கினால், உள்ளே இருக்கும் எண்ணிக்கை கிடைக்கும். கிடங்குக்கும் இதே கணக்குத்தான். மணிக்கு 3,000 பார்சல் வந்து, ஒவ்வொன்றும் 2 மணி நேரம் தங்கினால் 6,000 பார்சலுக்கு இடம் வேண்டும். லாரி தாமதமாகித் தங்கும் நேரம் 3 மணி ஆனால் 9,000 பார்சல் குவியும். மானேஜருக்கு வியர்ப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஐந்து முறை "ஏன்?"

தவறு நடந்தால் ஆளைத் திட்டுவதோடு நின்றுவிடுபவர் நல்ல மானேஜர் அல்ல. ஜப்பானின் டொயோட்டா கம்பெனியில் தாயீச்சி ஓனோ என்ற பொறியியல் நிபுணர், ஒரு கோளாறுக்கு ஐந்து முறை "ஏன்?" என்று கேட்கக் கற்றுக் கொடுத்தார்.

அவர் சொன்ன உதாரணம் பிரசித்தம். இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? பாரம் மிகுந்து ஃபியூஸ் போயிற்று. பாரம் ஏன் மிகுந்தது? தாங்கு உருளைக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்பு சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போய்விட்டது. ஆக, மாற்ற வேண்டியது ஃபியூஸை அல்ல. போட வேண்டியது ஒரு வடிகட்டி!

பேட்டி காண்பவரும் இப்படித்தான் தோண்டுவார். மேலோட்டமாகச் சொன்ன கதை இரண்டாவது "ஏன்?"-இல் நொறுங்கிவிடும். சொந்தமாக வியர்வை சிந்திய கதை ஐந்தாவது "ஏன்?" வரை தாங்கும்.

தோல்வியைச் சொல்லலாமா?

"நீங்கள் தோற்ற சம்பவம் ஒன்று சொல்லுங்கள்" என்ற கேள்வி அநேகமாக வரும். "நான் தோற்றதே இல்லை" என்பது மோசமான பதில்.

தேனீ வளர்ப்பவர்களுக்கு இதில் வேறு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியா எங்கும் பரவிற்று. பெட்டி பெட்டியாக ஈக்கள் மாண்டன. பலர் தொழிலையே விட்டனர். நோயைத் தாங்கி நின்ற கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித்தான் தொழில் மறுபடி தலையெடுத்தது.

நம் உதாரண வாலிபருக்கும் ஒரு தோல்வி உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை லாரி தாமதமாக வந்தது. பாதி வழியில் விடிந்துவிட்டது. அடைத்த பெட்டிகளில் வெயில் பட்டு, நான்கு பெட்டி ஈக்கள் செத்துப் போயின. அடுத்த தடவை முதல் நாளே டிரைவரிடம் இரண்டு முறை பேசினார். தூரத்துத் தோட்டத்துப் பெட்டிகளை முதலில் ஏற்றினார். மாற்று வண்டி ஒன்றும் சொல்லி வைத்தார். அதன் பிறகு ஒரு பெட்டியும் சாகவில்லை.

தவறு, காரணம், திருத்தம். கேட்பவருக்கு வேண்டியது இவ்வளவுதான்.

எச்சரிக்கை!

"கம்பெனியில் ஆள் தெரியும், இவ்வளவு பணம் கட்டினால் வேலை" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பேட்டிக்கோ, வேலைக்கோ பணம் வாங்குவது பெரிய கம்பெனிகளின் வழக்கம் அல்ல. நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு போலீசுக்கு நடப்பதில் பயனில்லை. கம்பெனியின் சொந்த இணைய தளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பேட்டி ஒருவழிப் பாதையும் அல்ல. இறுதியில், "உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?" என்பார்கள். கேட்க வேண்டும். இரவு ஷிஃப்ட் எத்தனை நாள்? பண்டிகைக் காலத்தில் வேலை எப்படி? எந்த ஊரில் போடுவார்கள்? கிடங்கு வேலை உடம்பை வாட்டும் வேலை. அதைத் தெரிந்துகொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

இடம் கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடவில்லை. கேட்ட கேள்விகளை அன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பேட்டிக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

மறுபடி அதே அறை

சில மாதம் கழித்து அதே வாலிபர், அதே மேஜை முன். வேறொரு கம்பெனி. அதே கேள்வி: "நீங்களே பொறுப்பேற்று நடத்திய வேலை?"

இந்தத் தடவை அவர் ஒரு கணம் கொல்லைப் பக்கம் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். பெட்டிகளின் கணக்கு, இரவு லாரி, செத்துப்போன நான்கு பெட்டி, அடுத்த ஆண்டின் பட்டியல் எல்லாம் வந்தன. எதிர்ப்புறத்திலிருந்து கேள்விக்கு மேல் கேள்வி. ஒன்றுக்கும் அவர் திணறவில்லை.

முடிந்து வெளியே வந்தார். திண்ணையில் அப்பா.

"மக்களே, நம்ம ஈப்பெட்டிக் காரியத்தையா அவியகிட்டச் சொன்னே?"

"ஆமாப்பா. அதைத்தான் ரொம்ப நேரம் கேட்டாவ."

அப்பா ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெட்டிகளைப் பார்க்கப் போனார். வேலை கிடைக்குமா, கிடைக்காதா என்பது கம்பெனியின் கையில். ஆனால் அன்றைக்கு அவர் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது!